அனுசரித்துப் போ என்கிறவர்கள்

வணக்கம் சார். சிறுசேரியில் ஐ.டி. வேலை, நாலேகால் வருடம் ஆகிறது. எட்டு மாதம் முன்பு புது மேனேஜர் வந்தார். ஆறரைக்கு கேப் கிளம்பும் என்று தெரிந்தே ஆறேகாலுக்கு மீட்டிங் வைப்பார். போன மாதம் டீம் மொத்தத்துக்கும் முன்னால், “உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?” என்றார். பேப்பர் போட்டுவிட்டேன், ராஜினாமாதான். ஒன்பது மாதம் அனுசரித்துப் போனால் கிராஜுவிட்டி வருமே என்கிறார் அப்பா. எனக்குத்தான் பொறுமை இல்லையோ? கிளம்பும்போது கம்பெனி நடத்தும் எக்ஸிட் இன்டர்வியூவில் உண்மையைச் சொல்லலாமா?
- க., மேடவாக்கம்

அன்புள்ள க.,

மேனேஜரை விடுங்கள். 'எனக்குத்தான் பொறுமை இல்லையோ' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். எட்டு மாதம் கேப்பைத் தவறவிட்டு ராத்திரியில் ஓ.எம்.ஆரில் பஸ்ஸுக்கு நின்ற பெண் இப்படி எழுதலாமா?

கிராஜுவிட்டி என்பது ஐந்து வருடம் முடித்து வேலையை விட்டால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம். மொத்தமாக மூன்று மாதச் சம்பளம்கூடத் தேறாது. அதற்காக ஒன்பது மாதம் பயந்து பயந்து ஆபீஸ் போக வேண்டாம். அப்பாவிடம் கணக்கைக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த 'அனுசரித்துப் போ' இருக்கிறதே, அதை அப்படி விட முடியாது. போன வாரம் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தார். உட்காருங்கம்மா என்றேன். சூப்பர்வைசர் இருந்த பக்கம் பார்த்தார், உட்காரவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தியாயிற்று. ஸ்டூல் வந்துவிட்டது, உட்காரத்தான் பயம்.

அன்றிலிருந்து ஒரு அக்காவின் நினைப்பாகவே இருக்கிறது. 1994இல் நான் அதே தி. நகரில் வேறொரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சேலைப் பிரிவு. காலையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நின்றபடியே வேலை. கணுக்கால் வீங்கி கொலுசு சதையில் பதிந்து கிடக்கும். கவுன்டருக்குப் பின்னால் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்துக்கொள்வார், சூப்பர்வைசர் அளவுகோலால் மேஜையைத் தட்டினால் இறக்கிவிடுவார். பையனுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் அரை நாள் லீவு கேட்டபோது, வாடிக்கையாளர்கள் நிற்க நிற்க, “புருஷன் எதுக்கு இருக்கான்?” என்றான் அந்த ஆள். அக்கா கையிலிருந்த சேலையை மடித்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். மடிப்பு கலையாமல் வைத்தார், அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் மாமியாரும் புருஷனும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். “இனிமே அனுசரிச்சுப் போவா சார்” என்று கும்பிட்டார் மாமியார். மத்தியானம் வரை மூன்று பேரையும் மாடிப்படியில் நிற்க வைத்தான் அந்த சூப்பர்வைசர். நான் பில் போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்லுங்கள், அவனுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது யார்? முதலாளியா? முதலாளிக்கு விற்பனை நடந்தால் போதும், யார் நின்றார், யார் போனார் என்று அவர் கேட்டதே இல்லை. அக்காவின் வீட்டிலிருந்தே ஆள் வந்து கும்பிட்டதுதான் அந்தத் தைரியம். போனால் வீடே திருப்பிக் கொண்டுவந்து விடும் என்று தெரிந்துகொண்ட ஆள் எதற்குத் திருந்தப் போகிறான்? தீபாவளிக்குள் அந்தப் பிரிவில் ஆறு பேரில் நாலு பேர் வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள், அக்காவும்தான். வாசலில் 'விற்பனைப் பெண்கள் தேவை' என்று போர்டு மாட்டினார்கள். மாட்டச் சொல்லி ஆணி எடுத்துக் கொடுத்தவன் அந்த சூப்பர்வைசர்.

உங்கள் அப்பா கெட்டவர் இல்லை, தெரியும். அந்த மாமியாரும் இல்லை, அரிசிக்குப் பணம் வேண்டுமே என்று வந்தவர். ஆனால் உங்கள் வீட்டில் அந்தக் கும்பிடு நடக்கக் கூடாது, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எக்ஸிட் இன்டர்வியூ கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள். திட்டாமல், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மீட்டிங், யார் யார் இருந்தார்கள், என்ன வார்த்தை என்று எழுதியே கொடுங்கள். ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள், காத்திருப்பேன்.