பொது ஆங்கிலத்தில் ‘ஏ’ இருந்தும் ஆங்கில இலக்கியம் கிடைக்கவில்லை

இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பொது ஆங்கிலத்துக்கு நீங்கள் பெற்ற ‘ஏ’, ஆங்கிலத்தை மூன்று பிரதான பாடங்களுள் ஒன்றாக எடுத்துச் சித்தியடைந்ததற்கு ஈடாகாது. கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகக் கேட்ட உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பாருங்கள். பொது ஆங்கிலம் பிரதான பாடங்களோடு சேராமல் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளிக்கும் அது கணக்கில் எடுக்கப்படுவதில்லை. பிரதான பாடமான ஆங்கிலமோ கவிதை, நாடகம், நாவல் ஆகியவற்றை வாசித்து விமர்சனக் கட்டுரை எழுதும் திறனைச் சோதிப்பது. கொழும்பில் நல்ல பாடசாலைகளில் படித்தவர்கள்கூட இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுகிறார்கள்.

அடுத்து, நீங்கள் அனுமதி பெற்ற ஆண்டுக்குரிய பீடக் கைந்நூலில் ஆங்கிலத் துறையின் நிபந்தனைகளை முழுமையாக வாசியுங்கள். உயர்தரத்தில் ஆங்கிலத்தைப் பிரதான பாடமாக எடுக்காதவர்களுக்குத் தெரிவுப் பரீட்சை போன்ற மாற்று வழி தரப்பட்டிருந்தால், அதற்கான இறுதித் திகதியைத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: முதலாம் ஆண்டில் பாடம் கிடைத்தாலும் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் உறுதியாகிவிடாது, ஏனெனில் அதற்கான தெரிவு பொதுவாக முதலாம் ஆண்டுப் பெறுபேறுகளை வைத்தே நடைபெறும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பர் சொல்லும் விதி கொழும்புக்குப் பொருந்தும் என்றும் எண்ண வேண்டாம்.