விண்ணிலிருந்து ஓசோனை எப்படி அளக்கிறார்கள்?

ஓசோன் கண்ணுக்குத் தெரியாத வாயு. அதைச் செயற்கைக்கோள் எப்படி அளக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் அது ஓசோனைப் பார்ப்பதில்லை, ஓசோன் விழுங்கிய ஒளியைக் கணக்கிடுகிறது.

சூரியனின் புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி வளிமண்டலத்தில் சிதறி மீண்டும் விண்வெளிக்குத் திரும்புகிறது. ஓசோன் சில அலைநீளங்களை மிகுதியாகவும், அருகிலுள்ள வேறு சிலவற்றைக் குறைவாகவும் உறிஞ்சும். இரண்டையும் ஒப்பிட்டால் வழியில் எவ்வளவு ஓசோன் இருந்தது என்பது தெரிந்துவிடும். அளவு டாப்சன் அலகில் சொல்லப்படுகிறது. உலகச் சராசரி ஏறக்குறைய 300 அலகுகள். அவ்வளவையும் தரைமட்ட அழுத்தத்தில், 0 டிகிரி செல்சியஸில் அடுக்கினால் தடிமன் வெறும் 3 மில்லிமீட்டர்! இந்த மெல்லிய போர்வைதான் நம்மைக் காக்கிறது.

1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் டாம்ஸ் கருவி இம்முறையில்தான் இயங்கியது. அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்த பகுதியை, அதாவது ஓசோன் துளையை, அது தவறவிட்டது, தரவுகளை நாசா தூக்கி எறிந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 180 அலகுகளுக்குக் கீழான அளவீடுகளை மென்பொருள் ஐயத்துக்குரியவை எனக் குறித்து வைத்தது, அழிக்கவில்லை. 1985இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜோ ஃபார்மனின் குழுவினர் அண்டார்க்டிகாவிலுள்ள ஹாலி பே ஆய்வு நிலையத்தின் தரை அளவீடுகளைக் கொண்டு ஓசோன் இழப்பை அறிவித்தார்கள். மறு ஆண்டு வெளியான நாசா ஆய்வு, செயற்கைக்கோள் தரவு கொண்டே அதன் பரப்பைக் காட்டியது.

இம்முறைக்குச் சூரிய ஒளி தேவை. துருவ இரவில் பயன்படாது. வளிமண்டலமே உமிழும் நுண்ணலைகளை அளக்கும் கருவிகள் அங்கே கைகொடுக்கின்றன.