ஆங்கிலத்தில் மழை எப்படிப் பெய்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளருடன் வாரந்தோறும் கூட்டம் நடக்கிறது. 'பால்பார்க் ஃபிகர் கொடுங்கள்', 'வியாழக்கிழமை டச் பேஸ் செய்வோம்' என்கிறார். தேடிப் பார்த்துப் பொருள் தெரிந்துகொள்கிறேன். அடுத்த வாரம் புதிதாக ஒன்று வந்து நிற்கிறது. – மென்பொருள் ஊழியர், கோவை

பதில்: ஒவ்வொன்றாகத் துரத்தினால் அப்படித்தான் ஆகும். நீங்கள் சொன்ன இரண்டுமே பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தவை. அந்த மைதானத்தின் பெயர்தான் 'பால்பார்க்'. 'பால்பார்க் ஃபிகர்' என்று கேட்டால் தோராயமான தொகையைச் சொன்னால் போதும், பைசா சுத்தமான கணக்கை அவர் எதிர்பார்க்கவில்லை. 'டச் பேஸ்' என்பது சுருக்கமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. எதிர்பாராமல் வந்து விழும் சிக்கல் 'கர்வ்பால்'.

'ரெயின் செக்' இவற்றைவிடச் சுவையானது. மழையால் ஆட்டம் நின்றுபோனால், வேறொரு நாள் வந்து பார்க்கப் பார்வையாளர்களுக்குச் சீட்டு கொடுக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கு இருந்தது. நீங்கள் சாப்பிட அழைத்து, அவர் 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்றால் முகம் வாட வேண்டாம். இன்று தோதுப்படவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்கிறார்.

லண்டன் வாடிக்கையாளர் கிடைத்தால் உங்களுக்குப் பாடு குறைவு. அவர் பேச்சில் கிரிக்கெட் இருக்கும். 'ஆன் தி பேக் ஃபுட்' என்றால் தற்காப்புக்குத் தள்ளப்படுவது. 'ஸ்டிக்கி விக்கெட்' என்பது சங்கடமான நிலைமை. ஆடுகளத்தை மூடிவைக்காத காலத்தில், மழையில் நனைந்த தரை வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அவதிதான் பேச்சில் தங்கிவிட்டது. ஒன்றில் மட்டும் நம்மவர்கள் சறுக்குவார்கள். 'தி நியூஸ் நாக்ட் ஹிம் ஃபார் சிக்ஸ்' என்றால் அவர் சிக்சர் அடித்த மகிழ்ச்சியில் இல்லை, அந்தச் செய்தி அவரை நிலைகுலைய வைத்துவிட்டது. இங்கே அவர் மட்டையல்ல, பந்து.

கேள்வி: கொட்டும் மழையைப் பள்ளியில் படித்தபடி 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று சொன்னால், வெளிநாட்டில் படிக்கும் மகள் சிரிக்கிறாள். தவறா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: தவறில்லை, பழையது. மேட்டுக்குடியினரின் அரைத்த மாவுப் பேச்சை நையாண்டி செய்து எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலிலேயே இது வருகிறது. எல்லோருக்கும் புரியும், ஆனால் அன்றாடம் சொல்பவர்கள் குறைவு. பிரிட்டனில் 'இட்ஸ் பக்கெட்டிங் டவுன்' என்பார்கள். நம் பாடநூல்கள்தாம் பூனையையும் நாயையும் விடுவதாக இல்லை.

கேள்வி: இரங்கல் மின்னஞ்சலில் 'கிக்ட் தி பக்கெட்' என்று எழுதலாமா? அகராதியில் 'இறந்தார்' என்றுதான் போட்டிருக்கிறது. – அலுவலக மேலாளர், திருச்சி

பதில்: கூடவே கூடாது! துக்க வீட்டில் போய், 'உங்கள் அப்பா மண்டையைப் போட்டுவிட்டாராமே' என்று கேட்பீர்களா? 'பாஸ்ட் அவே' என்று எழுதுங்கள்.

ஆயிரம் மரபுத்தொடர்களைத் திரட்டித் தரும் பட்டியல் நூல்கள் பலவற்றில் எனக்குள்ள குறையும் இதுதான். பொருள் இருக்கும், யாரிடம் சொல்லலாம் என்பது இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கட்டும்: 'ஐ ஆம் நாக்கர்ட். களைத்துப்போனேன். பிரிட்டன்காரர். வேலை முடிந்து கிளம்பும்போது சக ஊழியரிடம் சொன்னார், மேலதிகாரியிடம் சொல்லவில்லை.' அந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஒரே தொடரை வெவ்வேறு ஆட்கள் இரண்டு மூன்று முறை சொல்லக் கேட்ட பிறகு நீங்களும் சொல்லிப் பாருங்கள். அதுவரை புரிந்துகொண்டால் போதும்.

கேள்வி: கடையில் உடன் வேலை செய்பவர் தினமும் என்னைப் பார்த்து 'ஆல்ரைட்?' என்கிறார். நான் நோயாளி போலவா இருக்கிறேன்? – மாணவர், மான்செஸ்டர்

பதில்: இல்லை, அது வணக்கம். 'யா, யூ?' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். தலைவலியை விவரிக்க வேண்டாம். மீதிச் சில்லறை கொடுக்கும்போது 'சியர்ஸ்' என்றால் நன்றி. பவுண்டு அங்கே 'குவிட்' ஆகிவிடும். இருபதானாலும் 'ட்வென்டி குவிட்'தான், பன்மை விகுதி சேராது. ஐந்து பவுண்டுத் தாள் 'ஃபைவர்', பத்து பவுண்டுத் தாள் 'டென்னர்'. 'பிஸ்ட்' என்ற சொல் காதில் விழும். பிரிட்டனில் அது குடிபோதை, அமெரிக்காவில் கோபம். இரண்டு நாட்டிலும் மரியாதைக் குறைவு என்பதால் உங்கள் வாயில் வர வேண்டாம்.

கேள்வி: 'ப்ரிபோன்', 'டூ தி நீட்ஃபுல்' எல்லாம் தவறான ஆங்கிலமா? – வங்கி ஊழியர், சேலம்

பதில்: இல்லை. முன்கூட்டிய நேரத்துக்கு மாற்றுவதைச் சொல்லும் 'ப்ரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. 'வேண்டியதைச் செய்யுங்கள்' என்னும் பொருளில் வரும் 'டூ தி நீட்ஃபுல்' ஆங்கிலேயர்களே எழுதி, பிறகு கைவிட்ட வழக்கு. இந்தியாவுக்குள் தாராளமாக எழுதுங்கள். வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பத்தில் மட்டும் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2015' என்று எழுதாதீர்கள். பட்டம் வாங்கியதை விட்டுவிட்டு, மயங்கி விழுந்ததைச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' போதும்.

கேள்வி: மகன் எதற்கெடுத்தாலும் 'ரிஸ்' என்கிறான். நானும் கற்றுக்கொள்ளவா? – ஒரு தந்தை, சென்னை

பதில்: எதிர்பாலரைக் கவரும் திறமையை அப்படிச் சொல்கிறார்கள். 'கரிஸ்மா'வின் நடுத்துண்டு அது என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு 2023இல் அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அவன் நண்பர்கள் முன் சொல்லிவிடாதீர்கள்.