பிழிந்த சாறும் பிணங்கும் வயிறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஜூஸைப் பற்றித்தான். குடல் அழற்சி, எரிச்சல் குடல், குடல் அறுவை சிகிச்சை என்று ஏதோ ஒரு காரணத்தால் திட உணவு குறைந்துபோனவர்களுக்கு ஒரு டம்ளர் சாறு பெரிய ஆறுதல். ஆனால் தோலுக்குள் பத்திரமாக இருந்த பழத்தைப் பிழிந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. கேள்விகளுக்கு வருவோம்.

விடுமுறை நாளில் ஒரே மூச்சாக வாரத்துக்கான ஜூஸைப் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன். தினமும் ஜூஸரைக் கழுவத் தெம்பு இல்லை. சரியா?

தெம்பு இல்லாதது புரிகிறது. ஒரே நாளில் பிழிவதில் தவறில்லை, ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் தவறு. 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ வைத்தால் ஒரு நாள் நன்றாக இருக்கும். ஆரஞ்சு மாதிரி புளிப்புச் சாறு என்றால் இரண்டு நாள். அதற்கு மேல் தேவைப்படுவதைப் பிழிந்த கையோடு ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவில் செருகுகிறார்கள். திறந்து மூடும்போதெல்லாம் சூடாகிற இடம் அது. உள்ளே, பின்பக்கமாக வையுங்கள். பெரிய பாட்டில் ஒன்றுக்குப் பதில் சின்னச் சின்ன கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றி மூடினால் காற்று குறைவாகப் படும், நிறமும் வைட்டமின் சி-யும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். ஆப்பிள் சாறு பழுப்பாவதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டுகிறவர்கள் உண்டு. அது பழத்தில் உள்ள நொதி காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை, சில சொட்டு எலுமிச்சை விட்டால் மெதுவாகும். உண்மையில் கெட்டுப்போனது பல நேரம் நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். பழத்தை வெட்டுவதற்கு முன், தோலை உரிக்கப் போகிறீர்கள் என்றாலும், ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் இருப்பதைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது.

ஃப்ரீசருக்கு ஐஸ் தட்டுதான் என் முதல் சிபாரிசு. உங்கள் தட்டின் ஒரு குழியில் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஒரு தடவை அளந்துவைத்துக்கொண்டால், ‘இன்றைக்கு மூன்று கட்டி’ என்று கணக்காக எடுக்கலாம். அளவு பார்த்துச் சாப்பிட வேண்டிய வயிறுக்கு இது எவ்வளவு உதவி என்பது செய்து பார்த்தால் தெரியும். உறைந்ததும் கட்டிகளைப் பையில் போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். பாட்டிலில்தான் உறையவைப்பேன் என்றால் மேலே இரண்டு விரல் அளவு இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், கண்ணாடி தாங்காது. மைனஸ் 18 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் சுவை கெடாது. எடுத்ததை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தே உருகவிடுங்கள், சமையல் மேடையில் வேண்டாம். உருகியதும் மேலே தெளிவும் கீழே வண்டலுமாகப் பிரியும். குலுக்கினால் போதும்.

கேரட் ஜூஸில் எலுமிச்சை பிழிந்தால் ஒரு வாரம் கெடாது என்கிறார்களே?

நம்பாதீர்கள். புளிப்பு குறைந்த சாறுகளில் நான் பயப்படுவது இதற்குத்தான். கேரட் சாற்றின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு கூடக் கூட இது குறையும்) 6-ஐ ஒட்டி இருக்கும். பாட்யூலிசம் என்கிற நோயைத் தரும் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி 4.6-க்கு மேல்தான் வளரும். 2006-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர் போதாமல் இருந்த பாட்டில் கேரட் ஜூஸைக் குடித்தவர்கள் தசைகள் செயலிழக்கும் நிலைவரை போனார்கள். அந்த நச்சை நாக்கோ மூக்கோ கண்டுபிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. வீட்டில் கைக்கணக்கில் விடும் எலுமிச்சை பிஎச்-ஐ எவ்வளவு இறக்கியது என்று யாருக்குத் தெரியும்? கேரட், பீட்ரூட், வெள்ளரி, கீரை, தர்பூசணி எல்லாம் அன்றே குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உறையவைக்க வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது.

குடலில் அழற்சி உண்டாக்கும் க்ரோன்ஸ் நோய்க்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எடுக்கிறேன். உறையவைத்தால் கிருமி செத்துவிடும்தானே?

சாகாது, தூங்கும். உருகியதும் எழுந்துகொள்ளும். புளிப்பும் முழுப் பாதுகாப்பு இல்லை: 1996-இல் அமெரிக்காவில் சூடுபடுத்தாத ஆப்பிள் ஜூஸில் இருந்த ஈ.கோலை என்கிற பாக்டீரியா பலரைப் படுக்கவைத்தது, ஒரு குழந்தை இறந்தும் போனது. உங்களைப் போன்றவர்கள் சாற்றைக் கொதிக்கவிட்டுத்தான் குடிக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கி, குளிர்ந்த தண்ணீருள்ள தட்டில் பாத்திரத்தை வைத்து ஆற்றி, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். வைட்டமின் சி-யில் கொஞ்சம் போகும், போகட்டும்.

கேட்காவிட்டாலும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, பம்ளிமாஸ் மாதிரியான பழம்) சாற்றை வீட்டிலேயே வைக்காதீர்கள். சில மருந்துகளை உடைக்கும் நொதியைக் குடல் சுவரிலேயே அது முடக்கிவிடும். பியூடெசொனைட், சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறும். காலையில் குடித்துவிட்டு மாத்திரையை ராத்திரி போடுகிறேன் என்பதும் பயன்படாது, ஒரு தடவை குடித்ததன் வேலை ஒரு நாளுக்கு மேல் நிற்கும்.

நார்ச்சத்து ஆகாது என்பதால் மூன்று தடவை வடிகட்டித்தான் ஆப்பிள் ஜூஸ் குடிக்கிறேன். அப்படியும் வயிற்றுப்போக்கு. எங்கே தவறு?

வடிகட்டியில் தங்குவது நார்தான், சர்க்கரை அப்படியே இறங்கிவிடும். ஆப்பிளில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் அதிகம், கூடவே சார்பிட்டால் என்கிற இனிப்புப் பொருளும் உண்டு. இரண்டையும் எல்லோருடைய சிறுகுடலும் முழுதாக உறிஞ்சாது. மிஞ்சியது தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், பெருங்குடலுக்குப் போனால் நொதித்து வாயுவாகும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஃபாட்மேப் (சிறுகுடல் சரியாக உறிஞ்சாத சர்க்கரை வகைகள்) குறைந்த உணவுமுறையில் ஆப்பிள், பேரி, மாம்பழம், தர்பூசணியை ஒதுக்கிவைப்பது இதனால்தான். அது போதாதென்று ஆப்பிள் ஜூஸில் கரைந்திருக்கும் பொருட்களின் செறிவு (ஆஸ்மோலாலிட்டி) ரத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அதனால் வடிகட்டியை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும் ஏறக்குறைய சமமாக இருக்கிற ஆரஞ்சுக்கு மாறிப் பாருங்கள். எதுவானாலும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, 100 மில்லி அளவில், சாப்பாட்டோடு, மெதுவாக. ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் என்பது மூன்று நான்கு பழம். அத்தனையையும் உரித்து ஒரே நிமிடத்தில் யாராவது சாப்பிடுவோமா? நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஆரஞ்சும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பீட்ரூட் ஜூஸ் குடித்த மறுநாள் மலம் சிவப்பாகப் போனது, பயந்துவிட்டேன்.

பீட்ரூட்டின் நிறமி அப்படித்தான் வெளியேறும், சிலருக்குச் சிறுநீரும் சிவக்கும். இரண்டு மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள், அப்புறமும் சிவப்பு இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். கறுப்பாகத் தார் மாதிரி போனாலோ தலை சுற்றினாலோ காத்திருக்கவே வேண்டாம்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பீட்ரூட்டிலும் பசலைக் கீரையிலும் ஆக்சலேட் என்கிற வேதிப்பொருள் அதிகம். சாதாரணமாகக் குடலில் உள்ள கால்சியம் அதைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். உங்களுக்குச் செரிக்காத கொழுப்பு அந்தக் கால்சியத்தை முதலில் பிடித்துக்கொள்ளும். ஆக்சலேட் தனியாக நின்று ரத்தத்துக்குள் ஏறி, சிறுநீரகத்தில் கல்லாகும். பச்சை ஜூஸ் உடம்புக்கு நல்லது என்று தினமும் குடிப்பவர்களில் நீங்கள் இருக்க வேண்டாம்.

அன்னாசிச் சாற்றில் ஜெல்லி செய்தால் உறையவே மாட்டேன் என்கிறது. ஜெலட்டினைக் கூட்டலாமா?

எவ்வளவு கூட்டினாலும் குழம்புதான். அன்னாசியில் உள்ள புரோமெலெய்ன் புரதத்தை வெட்டும் நொதி, ஜெலட்டினோ முழுக்கப் புரதம். கிவியும் பப்பாளியும் இதே சேட்டை செய்யும். சாற்றைக் கொதிக்கவைத்து ஆற்றிய பிறகு ஜெலட்டின் சேருங்கள், உறைந்துவிடும். அகர்அகர் புரதம் இல்லை என்பதால் இந்தச் சிக்கல் அதற்கு வராது. ஆனால் அது ஒரு வகை நார், சில கட்டுப்பாட்டு முறைகளில் அதற்கு இடமில்லை. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்று நாள் ஆன திராட்சை ஜூஸ் லேசாகச் சுருசுருவென்று இருக்கிறது. குடிக்கலாமா?

கொட்டிவிடுங்கள். ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது. இப்படி மறந்துபோன ஒரு பாட்டிலை நான் ஒருமுறை திறந்தபோது மூடி கூரையில் அடித்தது, சுவரில் ஊதாக் கறை இன்னும் போகவில்லை. மேலே பூஞ்சை படிந்ததை வழித்தெடுத்துவிட்டு மீதியைக் குடிப்பதும் கூடாது.

கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) முந்தைய நாள் தெளிந்த ஜூஸ் குடிக்கச் சொன்னார்கள். வீட்டில் பிழிந்தது ஆகுமா?

ஆப்பிள் அல்லது வெள்ளைத் திராட்சைச் சாற்றைத் துணியில் வடிகட்டி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்க முடிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் அதை வீட்டில் வேறு யாராவது குடிக்கட்டும். சிவப்பு, ஊதா நிறச் சாறு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம், உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரி தெரியும்.