கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் மகள்

கேள்வி: என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். நூலகத்துக்குப் போனால் மர்மக் கதையாகத்தான் எடுத்து வருகிறாள். அதிலும் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே போகிறாள். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு அதில் என்ன இருக்கிறது? வீட்டில் த்ரில்லர் படம் போட்டாலும் இதே கதைதான், முடிவை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறாள். இந்த நேர விரயத்தை விட்டுவிட்டு நல்ல இலக்கியம் படிக்கச் சொல்லி நீங்களாவது எழுதுங்கள். (ஈசூன் வாசகர்)

பதில்: எழுத மாட்டேன் ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மகள் செய்வது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால் கதை தீர்ந்தது என்பது உங்கள் கணக்கு. அது சரியென்றால் ‘புதிய பறவை’யை இன்றைக்கு ஒருத்தரும் பார்க்கக் கூடாது. 1964-இல் வந்த படம். சிங்கப்பூரிலிருந்து திரும்பும் கப்பலில்தான் கோபாலும் லதாவும் சந்திக்கிறார்கள், அதனாலேயே நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். முடிவு தெரியாத ஆள் இல்லை, ஆனாலும் தொலைக்காட்சியில் போட்டால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கோபாலுக்கு ரயில் சத்தம் ஆகாது. ரயில்வே கேட்டில் ரயில் நெருங்க நெருங்க சிவாஜியின் முகம் படுகிற பாட்டை முதல் தடவை பார்க்கும்போது, மனைவியை ரயிலுக்குப் பறிகொடுத்தவர், பாவம், என்று இரக்கப்படுகிறோம். அவர் அறைந்ததில்தான் அந்த மனைவி செத்தாள், ரயிலில் அடிபட்டதாகக் காட்டியவரும் அவரே என்பது கடைசியில் தெரிகிறது. தெரிந்துகொண்டு மறுபடி அந்தக் காட்சிக்கு வாருங்கள். அதே முகம்தான், ஒரு ஃபிரேம் கூட மாறவில்லை, ஆனால் இப்போது அங்கே தெரிவது துக்கமா, குற்ற உணர்ச்சியா, மாட்டிக்கொள்வோம் என்ற பயமா என்று நீங்கள்தான் தேட வேண்டியிருக்கிறது. லதாவும் அப்படித்தான். அவள் போலீஸ், காதலிப்பதுபோல் நடிக்க வந்தவள், வந்த இடத்தில் நிஜமாகவே மனசைக் கொடுத்துவிட்டவள். இது தெரிந்த பிறகு சரோஜாதேவி ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் இதில் எது உத்தியோகம், எது காதல் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. முடிவு தெரியாமல் பார்க்கிறவருக்கு இந்தத் தவிப்பு கிடைக்காது.

சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதை பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஒரு பேட்டியில் பச்சையாகவே சொல்லியிருக்கிறார். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்க்கிறவனுக்கு 15 விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டு அங்கே இருப்பதையும் எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதையும் முன்கூட்டியே காட்டிவிட்டால், அதே வெட்டிப் பேச்சை 15 நிமிடம் நெஞ்சு படபடக்கக் கேட்பான், எழுந்து ஓடுங்களேன் என்று அவனுக்குக் கத்தத் தோன்றும். சஸ்பென்ஸுக்குத் தீனியே நமக்குத் தெரிந்த விஷயம்தான். உங்கள் மகள் கடைசி அத்தியாயத்தைப் படிக்கும்போது குண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்கிறாள். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து, கதாசிரியர் அதை எப்படியெல்லாம் ஒளித்துவைத்திருக்கிறார் என்று பக்கம் பக்கமாகக் கவனிக்கிறாள். பதினாலு வயதில் இப்படி வாசிக்க வருவது சாதாரணம் இல்லை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2011-இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டுச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தபோது, வாசித்தவர்கள் பொதுவாக அந்தக் கதைகளைக் கூடுதலாகவே ரசித்திருக்கிறார்கள், மர்மக் கதைகள் உட்பட. பின்னால் வந்த சில ஆய்வுகளில் மாறான முடிவும் கிடைத்திருக்கிறது, அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மகள் செய்வது கிறுக்குத்தனம் இல்லை என்று சொல்ல இது போதும்.

ஒன்றில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். இப்போது வருகிற த்ரில்லர்களில் பாதிக்கும் மேல், முடிவு தெரிந்துவிட்டால் நிஜமாகவே ஒன்றுமில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் ட்விஸ்டுக்கு மேல் ட்விஸ்ட், அதுவரை மூச்சுக்கூடக் காட்டாத ஒருத்தன் கொலைகாரன், அவனுக்குச் சின்ன வயதில் நடந்த ஒரு கொடுமை, நடுவில் ரத்தம். இரண்டாம் முறை பார்க்க அதில் மனிதர் யாருமே இல்லை. அந்த மாதிரிப் படத்தின் முடிவை உங்கள் மகள் முன்கூட்டியே பார்த்துவிட்டால், அவளுக்கு இரண்டரை மணி நேரம் மிச்சம். 1954-லேயே ‘அந்த நாள்’ படத்தில் எஸ். பாலசந்தர் ஒரு பாட்டுகூட வைக்காமல், சிவாஜியைத் தொடக்கத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டு, மீதிப் படம் முழுக்க அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவரும் சொல்வதைக் கேட்க வைத்தார். அன்றைக்கு அது வசூலில் தோற்றது. இருந்தாலும் மர்மப் படம் எடுக்க வருகிறவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இலக்கியம் படிக்கச் சொல்லுங்கள் என்கிறீர்கள். சரி, தமிழில் நாவல் படிக்கும் கூட்டம் எப்படி உருவானது என்று நினைக்கிறீர்கள்? ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு போன்றவர்கள் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் கதைகளை எழுதித் தள்ளியதில்தான் பெரும்பகுதி உருவானது. பண்டிதர்கள் அன்றும் முகம் சுளித்தார்கள். 1968-இல் குமுதத்தில் சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ தொடராக வந்ததிலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் அப்புறம் சங்கப் பாட்டு வரைக்கும் போயிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இது இன்னும் முக்கியம். இங்கே நம் பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் கருத்தறிதல், கட்டுரை, வாய்மொழித் தேர்வு, சனிக்கிழமை துணைப்பாட வகுப்பு. மதிப்பெண்ணுக்காகவே அந்தப் பக்கம் போகிறார்கள், தேர்வு முடிந்ததும் புத்தகத்தைக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். இந்த நிலையில் ஒரு பெண் யாரும் சொல்லாமல் நூலகத்தின் தமிழ் அலமாரிக்குப் போய், அடுத்து என்ன ஆகும், ஏன் இப்படி ஆனது என்ற ஆர்வத்திலேயே 200 பக்கம் தமிழில் படிக்கிறாள் என்றால், அதை நேர விரயம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி ஐயா மனசு வந்தது? நம் பத்திரிகைக்கு இளையர் எழுதும் கடிதங்களைத் தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன், அவர்களுடைய தமிழ் எங்கே ஓடுகிறது, எங்கே திணறுகிறது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். தானாகத் தேடிப் படிக்கிற பிள்ளையின் வாக்கியம் தனியாகத் தெரியும்.

அப்பாவாக நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. திரையரங்கில் என்சி16 (16 வயதுக்குக் கீழே அனுமதியில்லை) என்று போட்ட படத்துக்கு உங்கள் மகளை உள்ளே விட மாட்டார்கள். புத்தகத்துக்கு அப்படி ஒரு வாசல்காவல் கிடையாது. சில மாத நாவல்களில் பெண்ணைத் துன்புறுத்துவதையே ரசித்து ரசித்து எழுதியிருப்பார்கள், அதெல்லாம் அவள் கைக்கு இப்போது வேண்டாம். அதற்கு அவள் எடுத்து வருவதை நீங்களும் புரட்டிப் பார்த்தாக வேண்டும். தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வை அவள் இன்னும் படிக்கவில்லை என்றால் அடுத்த தடவை நூலகத்தில் அதைக் கேட்டு எடுத்துக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு கதையை நீங்கள் படித்துவிடுங்கள். முடிவை அவளிடமே கேட்டுக்கொண்டு ஆரம்பித்தாலும் சரிதான்.