செயற்கை மூட்டைக் கழற்றிய பிறகு வீட்டுப் பராமரிப்பு

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. முழங்காலில் வைத்த செயற்கை மூட்டில் கிருமி தொற்றிச் சீழ் பிடித்ததால், அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தற்காலிகமாக மருந்து கலந்த சிமெண்ட் வைத்திருக்கிறார்கள். புது மூட்டு அப்புறம்தானாம். கையில் பிக் லைனோடு (மருந்து ஏற்ற ரத்தக் குழாய்க்குள் செருகிய மெல்லிய குழாய்) வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அதுவரை காலை ஊன்றலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? - ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அடுத்த ஆபரேஷனுக்காகச் சும்மா காத்திருக்கும் காலம் இல்லை. சிகிச்சையின் முக்கியமான பாதியே இப்போதுதான் நடக்கிறது. உலோகத்தின் மேல் கிருமிகள் ஒரு படலம் கட்டி ஒட்டிக்கொள்ளும். அதற்குள் மருந்து சரியாக எட்டாது என்பதால்தான் மூட்டையே எடுக்க வேண்டியிருந்தது. எலும்பிலும் தசையிலும் மிச்சமிருக்கும் கிருமியை சிமெண்டில் கலந்த மருந்தும், ரத்தக் குழாய் வழியாக ஏறும் மருந்தும் சேர்ந்து அழிக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் 6 வாரம் ஆகும். இரண்டாம் வாரமே வலி குறைந்து அம்மா தெம்பாகிவிடலாம். "இனி ஊசி எதற்கு?" என்று பேச்சு வருவது அப்போதுதான். தயவுசெய்து ஒரு வேளைகூட விடாதீர்கள்.

காலை ஊன்றுவது அந்த சிமெண்டைப் பொறுத்தது. முழங்கால் மடங்கும்படி செய்த வகையும் உண்டு, மடங்காமல் நேராக நிறுத்தும் வகையும் உண்டு. மடங்காத வகை என்றால் பிரேஸ் (காலை மடங்காமல் பிடிக்கும் பட்டை) போட்டு காலை நீட்டியே வைக்க வேண்டும். எந்த வகையானாலும் பழைய மூட்டு தாங்கிய பாரத்தை இது தாங்காது. உடையலாம், நகரலாம், எலும்பையும் அரிக்கலாம். அதனால் வாக்கர் இல்லாமல் ஓர் அடிகூட வேண்டாம். "விரல் நுனி மட்டும் தொடலாமா, பாதி பாரம் கொடுக்கலாமா?" என்று சர்ஜனிடம் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். "கொஞ்சம் கொஞ்சம் நடக்கலாம்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம், அப்படியே மடங்கி இறுகிவிடும். குதிகாலுக்குக் கீழே வைக்கலாம். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது, இந்த இரண்டையும் மணிக்கொரு தரம் செய்யச் சொல்லுங்கள். இது ரத்தம் உறைவதையும் தொடை மெலிவதையும் குறைக்கும். மற்ற பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு தொடங்கலாம்.

பிக் லைன் இருக்கும் கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். குளிக்கும்போது நனையக் கூடாது. வாரம் ஒருமுறை நர்ஸ் கட்டு மாற்ற வேண்டும். வான்கோமைசின் போன்ற மருந்து ஏறினால் சிறுநீரகத்தைக் கவனிக்க கிரியாட்டினினும், தொற்று அடங்குகிறதா என்று பார்க்க சிஆர்பி, ஈஎஸ்ஆரும் ரத்தப் பரிசோதனையில் அடிக்கடி பார்ப்பார்கள். தேதி தவறவிடாதீர்கள். சர்க்கரை ஏறி இருந்தால் புண்ணும் ஆறாது, தொற்றும் அடங்காது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல் என்று புரதம் தினமும் வேண்டும். ஆபரேஷன் ஆன உடம்புக்கு வெறும் கஞ்சி போதாது.

காய்ச்சலோடு நடுக்கம், தையலில் நீர் கசிவு, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, சிறுநீர் குறைவது, பிக் லைன் போட்ட கை வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல் என்றால் உடனே 108. காய்ச்சல் போலத் தோன்றினால் பாராசிட்டமால் கொடுக்கும் முன் வெப்பநிலையை அளந்து எழுதி வையுங்கள்.

மருந்துக் கடையில் நீங்களாக வேறு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். புது மூட்டு வைக்கும் முன் கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கலாம். நீங்களாக வாங்கிக் கொடுக்கும் மாத்திரை அந்தச் சோதனையில் கிருமியை மறைத்துவிடலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலை மட்டும் மறக்காமல் வாங்கி, எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் கையோடு எடுத்துப் போங்கள்.