முதுமலைச் சாலையில் யானை நின்றால் என்ன செய்வது? தாக்கினால் யார் பொறுப்பு?

கூடலூரிலிருந்து மைசூரு போகும் சாலை முதுமலை, பந்திப்பூர் காடுகளை ஊடறுத்துச் செல்கிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே பொது வாகனங்களுக்குத் தடை. எனவே நீங்கள் கேட்கும் சிக்கல் பெரும்பாலும் பகலில்தான், அதுவும் யாராவது காரை நிறுத்தி செல்பேசியை நீட்டும்போதுதான் தொடங்குகிறது.

யானை சாலையில் நின்றால் தொலைவிலேயே நின்றுவிடுங்கள். ஹாரன் வேண்டாம், கேமரா ஃபிளாஷ் வேண்டாம். காதுகளை விரித்து, தலையை உயர்த்தி, மண்ணை உதைத்தால் அது எச்சரிக்கை. மெல்லப் பின்னோக்கி நகருங்கள். கூட்டத்தில் குட்டி இருந்தாலோ, ஆண் யானையின் கன்னத்தில் மதநீர் வழிந்தாலோ இன்னும் கூடுதலாக விலக வேண்டும். மணிக்கு சுமார் 25 கி.மீ. வேகத்தில் வரக்கூடிய விலங்கிடமிருந்து ஓடித் தப்புவது நம்மில் பெரும்பாலோருக்கு முடியாத காரியம். பைக்கில் வருபவர்களுக்குக் கதவும் கூரையும் கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

பொறுப்பைப் பற்றி: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் விலங்குகளைச் சீண்டுவதைத் தடை செய்கிறது. வாழைப்பழம் நீட்டுவது அன்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்து, வாகனத்தைக் கண்டாலே தீனி என்று யானைக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அடுத்த காரில் பழம் இல்லையென்றால் அது கண்ணாடியை உடைத்துத் தேடும். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி இறங்கி நடந்தவர் வனத்துறையைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.